சேலத்தார், தோட்டத்தார், மலேசியர்

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறைக்கு நான்கு பெயர்கள். என் தாத்தாவைச் 'சேலத்துக்காரர்' என்று அழைத்தார்கள். என் அப்பாவைத் 'தோட்டத்தார்' என்றார்கள். என்னைச் 'சிரம்பான்காரர்' என்கிறார்கள். என் மகளைக் கேட்டால், "நான் மலேசியர்" என்கிறாள். இரத்தம் ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் வேறொரு மண்ணின் பெயரை உடம்பில் ஒட்டிக்கொண்டு நடந்திருக்கிறது.

நெகிரி செம்பிலானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, ஜப்பானில் இருக்கிறவர் ஜப்பானியர், சீனாவில் இருக்கிறவர் சீனர். அப்படியென்றால் சிங்கப்பூரில் இருக்கிறவர் சிங்கப்பூரியரா, சிங்கப்பூரரா?" இலக்கணக் கேள்விபோலத்தான் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனால் நம் தோட்டங்களின் கதையும் நாட்டின் கதையும் கூடவே வந்துவிடும்.

விகுதியின் வேலை

தமிழுக்கு இது புதிய கேள்வி இல்லை. மக்களைக் குறிக்கும் பெயர்களை வகைப்படுத்தும்போது தொல்காப்பியம் நிலப்பெயருக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டுகள் அருவாளன், சோழியன். அருவா நாட்டைச் சேர்ந்தவன், சோழ நாட்டைச் சேர்ந்தவன் என்று பொருள்.

இன்று நாம் நான்கைந்து வழிகளில் இந்தப் பெயர்களை உண்டாக்குகிறோம். முதலாவது 'அர்'. தமிழ் தமிழராகும், சீனா சீனராகும், இந்தியா இந்தியராகும், மலேசியா மலேசியராகும். இந்தியர், மலேசியர் என்ற சொற்களில் உள்ள 'ய' நாட்டின் பெயரிலேயே இருக்கிறது. ஜப்பான், ஈரான், பாகிஸ்தான் என்ற பெயர்களில் அந்த 'ய' கிடையாது. ஆனாலும் இந்தியர், ரஷ்யர் என்று சொல்லிப் பழகிய நாக்கு, 'இயர்' என்பதையே ஒரு விகுதியாக எடுத்துக்கொண்டு ஜப்பானியர், ஈரானியர், பாகிஸ்தானியர் என்று சொல்லிவிட்டது. சிங்கப்பூர்த் தமிழர் அந்த வழியில் போகவில்லை. நேராக 'அர்' சேர்த்துச் 'சிங்கப்பூரர்' என்று எழுதுகிறார்கள். அந்நாட்டுச் செய்தித்தாளிலும் வானொலியிலும் அதுவே நிலைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்: அந்த ஊர்க்காரர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ, அதுவே சரி.

இரண்டாவது 'ஆர்'. சேலம் 'சேலத்து' ஆகி, ஆர் சேர்ந்து சேலத்தார் ஆகும். தோட்டத்தார், ஊரார், நாட்டார் எல்லாம் இந்த வழிதான். மூன்றாவது 'காரர்'. கடைக்காரர், வேலைக்காரர் என்ற சொற்களில் வருகிற அதே காரர், ஊர்ப் பெயரோடு சேரும்போது அந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள் தரும். பேச்சில் இதற்குத்தான் செல்வாக்கு. எந்தப் பெயரோடும் ஒட்டும். இலக்கணம் தெரியாதவரும் தப்பில்லாமல் சொல்லலாம். நாலாவது 'வாசி', கிராமவாசி, நகரவாசி என்று எழுத்தில் வரும். எதுவும் ஒட்டாத பெயர் வந்தால் 'நாட்டவர்' என்று சேர்த்து முடித்துவிடுவோம். மியன்மார் நாட்டவர் அப்படி வந்ததுதான்.

இந்த விகுதிகளுக்குள் மரியாதையும் ஒளிந்திருக்கிறது. காரன், காரர், காரங்க என்று மூன்று படிகள். ஆண் பெண் வேறுபாடும் உண்டு: தமிழச்சி, சீனத்தி, மலாய்க்காரி. ஆனால் 'மலேசியர்' என்ற சொல்லுக்குத் தனிப் பெண்பால் கிடையாது. அக்காவும் மலேசியர், தம்பியும் மலேசியர். வீட்டில் பிறந்த பெயர்களுக்கு ஆண் பெண் உண்டு. சட்டம் தந்த பெயருக்கு அது தேவைப்படவில்லை.

மலாய்மொழியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 'ஓராங்' என்று முன்னால் போட்டால் போதும். ஓராங் ஜெப்புன், ஓராங் சீனா, ஓராங் மலேசியா. சீனமொழியிலும் நாட்டின் பெயருக்குப் பின்னால் மனிதரைக் குறிக்கும் ஒரு சொல் வரும், அவ்வளவுதான். ஆங்கிலம்தான் ஒரு ஒழுங்குக்குள் அடங்காது. மலேசியன், சைனீஸ், பிரிட்டிஷ், பாகிஸ்தானி என்று ஆளுக்கொரு வால். நெதர்லாந்து நாட்டவரை 'டச்சு' என்கிறார்கள். நாட்டின் பெயருக்கும் மக்களின் பெயருக்கும் ஒலியளவில் கூட உறவில்லை.

எந்தத் தோட்டம்?

தாத்தாவின் பெயருக்குத் திரும்புவோம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்தது பெரும்பாலும் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, மதுரை மாவட்டங்களில். ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் சேலத்துக்காரர், திருச்சிக்காரர், ஆற்காட்டுக்காரர் என்று குடியிருந்தார்கள். சேலத்தில் இருந்தவரை தாத்தாவை யாரும் சேலத்துக்காரர் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அங்கே எல்லாரும் சேலத்துக்காரர்தானே! அந்தப் பெயர் ரந்தாவ் பக்கத்து லயத்தில்தான் அவருக்குப் பிறந்தது. ஒருமுறை ஊருக்குப் போய்வந்தார். அங்கே அவர் 'மலாயாக்காரர்'. இங்கே இருந்தால் அந்த ஊர்ப் பெயர், அங்கே போனால் இந்த நாட்டின் பெயர்.

'ஊர்' என்ற சொல்லையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ஊர் என்றால் அவரவர் குடியிருக்கும் இடம். நம் பாட்டன் பாட்டிகளின் வாயில் 'ஊர்' என்றால் கடலுக்கு அப்பால் இருந்தது. "ஊருக்குப் போறேன்" என்றால் கப்பல் ஏறுவது. இங்கே வாழ்ந்த இடத்துக்கு ஊர் என்ற பெயர் கிடைக்கவில்லை, அது 'தோட்டம்'. ஆகவே இரண்டு தமிழர் சந்தித்தால் "எந்த ஊர்?" என்று கேட்கவில்லை. "எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்டார்கள்.

அதற்கு வந்த பதில்களை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். நெகிரி செம்பிலான் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங், அதர்ட்டன், பிராட்வால், கெடிஸ், ரீஜண்ட், செயின்ட் ஹீலியர் என்று போகும். நடுவில் கைரோ தோட்டமும் ஷங்காய் தோட்டமும் வரும். எகிப்தின் தலைநகர் ஒன்று, சீனத்தின் துறைமுகம் ஒன்று. பெயர் வைத்தவர் கம்பெனிக்காரர். பெயரைச் சுமந்தவர் பால்மரம் சீவிய தமிழர். "அவங்க ஷங்காய்காரங்க" என்று யாராவது சொன்னால் அந்தக் குடும்பத்துக்கும் சீனாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாயில் நுழையாத பெயராக இருந்தால் மக்களே வேறு பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஒரே தோட்டத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர், பெரட்டுக் களத்தில் ஒரு பெயர்.

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுக் கூலி வேலைக்குக் கடல் கடப்பதைத் தடை செய்தது. புதிய சேலத்துக்காரர்கள் வருவது அதோடு நின்றது. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குச் சேலம் என்பது கதையில் வரும் இடம். திருமணப் பேச்சில் மட்டும் கொஞ்ச காலம் அந்தப் பெயர் நின்றது. பிறகு அதுவும் போயிற்று. அப்பா 'தோட்டத்தார்' ஆனது அப்படித்தான்.

பக்கத்து வீட்டின் பழைய பெயர்

இந்த இடத்தில் நம் அண்டைவீட்டாரையும் பார்க்கவேண்டும். நெகிரி செம்பிலான் என்றால் ஒன்பது நாடுகள். இங்குள்ள மலாய்க்காரர்களில் பலருடைய முன்னோர் சுமத்ராவின் மினாங்காபாவ் நிலத்திலிருந்து வந்தவர்கள். 1773இல் முதல் யாம் துவானாக அமர்ந்த ராஜா மெலேவார், பகாருயோங்கிலிருந்து வந்தவர். அவர்களும் குடியேறிகளாக வந்து, இந்த மண்ணுக்கு உரியவர்களாக ஆனார்கள்.

அவர்களிடம் பன்னிரண்டு 'சூக்கு' உண்டு. குலம் என்று சொல்லலாம். அவற்றில் சில பெயர்கள் ஊர்ப்பெயர்களே. தானா டாத்தார், பாயா கும்போ இரண்டும் மேற்குச் சுமத்ராவில் இன்றும் இருக்கும் இடங்கள். அனாக் ஆச்சே, அனாக் மலாக்கா என்றும் இரண்டு சூக்கு. ஆச்சேயின் பிள்ளை, மலாக்காவின் பிள்ளை என்று பொருள். பிதுவாண்டா என்ற சூக்கு, இந்த மண்ணின் ஆதிக்குடிகளோடு உறவு கொண்டது.

நம் சேலத்துக்காரர் மூன்று தலைமுறையில் மறைந்துபோனார். தானா டாத்தார் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக நிற்கிறது. ஏன்? அந்தப் பெயரை நம்பிப் பல காரியங்கள் இருக்கின்றன. 'அடாட் பெர்பாத்தே' வழக்கப்படி சூக்கு தாய்வழியில் வரும். பாரம்பரிய நிலமும் பெண்வழியில் போகும். ஒரே சூக்குக்குள் மணமுடிக்கக்கூடாது. பெயரை இழந்தால் நிலத்தையும் உறவையும் இழக்கவேண்டும். சேலத்துக்காரர் என்ற பெயரோடு ஒரு முழ நிலமும் வரவில்லை. லயத்து வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு பெயர் நிலைக்க வேண்டுமானால் அதை நம்பி ஏதாவது இருக்கவேண்டும் என்று இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

பிறர் வாயில் பிறந்தவை

எல்லாப் பெயரையும் நாமே வைத்துக்கொள்வதில்லை. பாதிக்கு மேல் அடுத்தவர் கொடுத்தது. பண்டைத் தமிழர் கிரேக்கரை 'யவனர்' என்றார்கள். அது அயோனியா என்ற ஒரு பகுதியின் பெயரிலிருந்து வந்தது. ஐரோப்பாவின் பிராங்க் இனத்தின் பெயர் அரபு, பாரசீக வழியாக நடந்து வந்து தமிழில் 'பறங்கி' ஆயிற்று. சமையலறையில் பறங்கிக்காயாகவும் உட்கார்ந்துவிட்டது. மலாயாவில் சீக்கியர்களுக்கு 'வங்காளி' என்று பெயர். அவர்கள் பஞ்சாபிகள், கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறி வந்த ஒரே காரணத்தால் வங்காளி ஆனார்கள். புறப்பட்ட துறைமுகம் பெயராகிவிட்டது.

நமக்கும் ஒரு பெயர் அப்படிக் கிடைத்தது. கலிங்க நாட்டின் பெயரிலிருந்து பிறந்த 'கெலிங்' என்ற சொல், ஒரு காலத்தில் தென்னிந்திய வணிகரைக் குறித்த சாதாரணச் சொல். மலாக்காவின் கம்போங் கெலிங் பள்ளிவாசல், பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவற்றின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. 1871இல் நீரிணைக் குடியேற்றங்களில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அது ஒரு தனி வகை. 1891 கணக்கில் 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்' என்ற தலைப்பு வந்துவிட்டது. இடையில் கூலிகளாகக் கப்பல் கப்பலாக நம்மவர் வந்தார்கள். வந்தவரின் நிலை தாழ, அந்தச் சொல்லின் நிலையும் தாழ்ந்தது. இன்று அதை யாராவது நம்மைப் பார்த்துச் சொன்னால் வசையாகத்தான் காதில் விழுகிறது. சொல்லின் எழுத்து மாறவில்லை, சொல்லும் தொனி மாறியது.

இலங்கையிலிருந்து வந்தவர்களின் கதை வேறு. 1972இல் சிலோன், சிறீலங்கா ஆனது. ஆனால் இங்கே அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் 'சிலோனீஸ்'தான். 1958இல் தொடங்கிய அவர்களுடைய கட்சியின் பெயரிலும் அந்தச் சொல்லே இருக்கிறது. நாடு பெயரை மாற்றிக்கொண்டாலும், விட்டுப் போனவர்கள் எடுத்துப்போன பெயர் பழையபடியே இருக்கும். நம்மிடம் 'மலாயா' மிச்சமிருப்பதைப்போல. காற்பந்துக் குழு இன்னும் 'ஹரிமாவ் மலாயா'. பல்கலைக்கழகம் இன்னும் மலாயாப் பல்கலைக்கழகம்.

எல்லாரும் 'மெலாயு' என்றால்?

இந்த நாட்டு மக்களுக்கு என்ன பெயர் என்பது ஒருமுறை பேச்சுவார்த்தை மேசைக்கே வந்திருக்கிறது. இளைய தலைமுறையில் பலருக்கு இது தெரியாது.

மலாயன் யூனியன் திட்டம் எதிர்ப்பில் சரிந்த பிறகு, 1947இல் புதிய அரசமைப்பு பற்றிப் பேச்சு நடந்தது. பிரிட்டிஷார், மலாய் அரசர்கள், அம்னோ ஆகியோர் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், மலாய் இடதுசாரி அமைப்புகள் சேர்ந்த 'புத்ரா' கூட்டணியும், டான் செங் லோக் தலைமையில் பல இன அமைப்புகள் சேர்ந்த அனைத்து மலாயா கூட்டு நடவடிக்கை மன்றமும் கைகோத்து, மக்கள் அரசமைப்பு என்ற மாற்றுத் திட்டத்தை எழுதின. 1946இல் ஜான் திவியை முதல் தலைவராகக் கொண்டு பிறந்த மலாயா இந்தியர் காங்கிரசும் அந்த மன்றத்தில் இருந்தது.

அந்தத் திட்டத்தில் ஒரு விதி: நாட்டின் குடிமக்கள் எல்லாருக்கும் 'மெலாயு' என்பதே பொதுப் பெயர். தமிழரும் சீனரும் குடியுரிமை பெற்றால் அவர்களும் மெலாயு. அந்தப் பெயருக்கு மதத்தோடு தொடர்பு இருக்காது என்றும் அதில் எழுதினார்கள். மலாய் அல்லாதவர்களுக்கு இதை ஏற்பது எளிதாக இல்லை. நீண்ட விவாதத்துக்குப் பிறகே ஒத்துக்கொண்டார்கள். மலாய்க்காரர்களில் பலருக்கோ தங்கள் இனப்பெயரைப் பொதுவில் வைப்பதில் விருப்பமில்லை. திட்டத்தை ஆதரித்து 1947 அக்டோபர் 20ஆம் நாள் நாடு முழுவதும் கடையடைப்பு நடந்தது. பிரிட்டிஷார் அசையவில்லை. 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்தது. ஆங்கிலத்தில் மலாயா, மலாய்மொழியில் 'தானா மெலாயு', அதாவது மலாய் மண். ஒரே நாட்டின் இரண்டு பெயர்களில் இரண்டு விதமான அர்த்தம்.

பின்னர் வந்த சுதந்திர நாட்டின் அரசமைப்பு, 160ஆம் பிரிவில் 'மலாய்க்காரர்' யார் என்று வரையறுத்தது: இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய்மொழி பேசி, மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவர். பொதுப் பெயராக இருக்கலாம் என்று 1947இல் பேசப்பட்ட சொல், பத்தே ஆண்டுகளில் ஒரு வேலிக்குள் போய்விட்டது. மக்கள் எல்லாரையும் சேர்த்துச் சொல்ல வேறு பெயர் வேண்டியிருந்தது. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா பிறந்தபோதுதான் 'மலேசியர்' என்ற சொல்லுக்கு வேலை வந்தது. மலாயர், மலாய்க்காரர் என்பது இனம். மலேசியர் என்பது நாடு. தமிழ்நாட்டு உறவினர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. அவர்களைத் திருத்தும்போது நாம் உண்மையில் விளக்குவது ஒரு பத்தாண்டு அரசியலை.

சிவப்பு அட்டை

விகுதி சேர்த்தால் மட்டும் ஒருவர் மலேசியர் ஆகிவிடமாட்டார். என் பாட்டி அதற்கு ஒரு சாட்சி.

1957 ஆகஸ்ட் 31ஆம் நாளோ அதற்குப் பிறகோ கூட்டரசு மண்ணில் பிறந்த குழந்தை தானாகவே குடிமகன் ஆனது. 1962இல் சட்டம் மாறும்வரை அந்த வழி திறந்தே இருந்தது. ஆனால் அதற்கு முன் இதே மண்ணில் பிறந்த பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டு இங்கே வாழ்ந்திருக்கவேண்டும், நன்னடத்தை வேண்டும், ஓரளவு மலாய் தெரிந்திருக்கவேண்டும். சுதந்திரத்துக்குப் பிந்திய ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மொழி நிபந்தனை தளர்த்தப்பட்டது. இந்தியாவில் பிறந்து வந்தவர்களுக்கு வசிப்புக் காலம் இன்னும் கூடுதல்.

காகிதத்தில் இது எளிது. விடியற்காலை பெரட்டுக்குப் போய், பால் சீவி, பால் எடுத்து, மாலையில் திரும்பும் பெண்ணுக்கு எந்த அலுவலகம், எந்தப் பாரம், யார் எழுதித் தருவார்? என் பாட்டி பிறந்தது லயத்தில். பிறப்புப் பத்திரம் இல்லை. அந்த ஓராண்டு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவருடைய கடைசிப் பிள்ளை சுதந்திரத்துக்குப் பின் பிறந்து, பிறந்த அன்றே குடிமகள் ஆனாள். மூத்த பிள்ளைகளுக்கு அப்பா அலைந்து வாங்கினார். பாட்டிக்குச் சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாக வசிக்கலாம், வாக்களிக்க முடியாது, மலேசியக் கடப்பிதழ் கிடையாது.

அந்தச் சிவப்பின் கனம் 1969க்குப் பிறகு பல குடும்பங்களுக்குத் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. 'ஊருக்கு' என்று சொல்லி, தெரியாத ஊருக்குப் போனார்கள். அங்கே அவர்கள் மறுபடி மலாயாக்காரர்.

பாட்டி எங்கும் போகவில்லை. தேர்தல் நாளில் வீட்டில் எல்லாரும் வாக்களித்துவிட்டு வரும்போது அவர் மட்டும் சோறு ஆக்கிக்கொண்டிருப்பார். ஆனால் தோட்டத்தில் அவரைத் 'தோட்டத்தார்' இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அந்தச் சொல் பத்திரம் கேட்கவில்லை. எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறாய், எத்தனை பேருக்குப் பிரசவம் பார்த்தாய் என்பதே அதற்குப் போதுமாக இருந்தது. அறுபது வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018இல் அரசு அறிவித்தபோது பாட்டி இல்லை. செய்தியைப் படித்தபோது அந்த எண்ணில் ஒருவராக அவர் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

எது முன்னால், எது பின்னால்?

என் மகளும் அவள் தோழிகளும் ஒருநாள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். 'மலேசியத் தமிழர்' என்பது சரியா, 'தமிழ் மலேசியர்' என்பது சரியா என்று. தமிழில் கடைசிச் சொல்தான் தலைச்சொல். முன்னால் வருவது அதை வகைப்படுத்தும். மலேசியத் தமிழர் என்றால் தமிழர், அவர்களில் மலேசியாவைச் சேர்ந்தவர். தமிழ் மலேசியர் என்றால் மலேசியர், அவர்களில் தமிழ் பேசுபவர். முதலாவது உலகத் தமிழரோடு சேர்ந்து உட்காருகிறது. இரண்டாவது மலாய்க்காரரோடும் சீனரோடும் சேர்ந்து உட்காருகிறது. இரண்டுக்கும் நமக்கு உரிமை உண்டு. எந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நம்மைப் போலவே தோட்டத்துக்குப் போன இலங்கை மலையக உறவுகளைப் பாருங்கள். 1911 முதல் அங்கே மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் 'இந்தியத் தமிழர்'. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்ட பெயர் 'மலையகத் தமிழர்'. முப்பாட்டன் புறப்பட்ட இடத்தை விட்டுவிட்டு, உழைத்த மலையைப் பெயரில் வைத்தார்கள். நாங்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்று அவர்கள் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இன்று தோட்டத்தில் யார்?

தோட்டங்கள் பல இப்போது இல்லை. லாபுவிலும் நீலாயிலும் செண்டாயானிலும் பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. தோட்டம் போன பின்னும் தமிழ்ப்பள்ளிகள் பெயரில் 'லாடாங்' என்ற சொல்லைச் சுமக்கின்றன. அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலர் பால்வாளியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

மிஞ்சிய செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். நம்மவர் பேச்சில் அவர்கள் 'இந்தோன்', 'பங்களா'. பாதியில் வெட்டிய பெயர்கள். இந்தோனேசியர்கள் 'இந்தோன்' என்ற சொல்லை விரும்பாததால், அதைத் தவிர்க்கும்படி 2007இல் மலேசியத் தகவல் அமைச்சு ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. நாட்டின் பெயரை முழுதாகச் சொல்ல நமக்கு நேரமில்லையா என்ன? ஒரு சொல் எப்படி வசையாக மாறும் என்பது கெலிங் என்ற சொல்லால் சூடுபட்டவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சொல்பவருக்கு அது சுருக்கம், கேட்பவருக்கு அது சிறுமை.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இப்போதும் நான் போவதுண்டு. அன்னதானப் பந்தியில் வங்காளதேசத்து இளைஞர்களும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் ஏழு ஆண்டாக அங்கே இருக்கிறார். பேரம் பேசும் அளவுக்குத் தமிழ் தெரியும். "இவரு யாரு?" என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்க்காமலே, "நம்ம தோட்டத்து ஆளுதான்" என்றார். பாட்டியை ஏற்றுக்கொண்ட அதே சொல், பத்திரம் கேட்காமல் இவரையும் ஏற்றுக்கொண்டது.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், அவர்களை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டு வையுங்கள். எந்த மாவட்டத்துக்காரர், எந்தத் தோட்டத்தார், எந்த நிற அட்டை, எந்த ஆண்டில் நீலமானது என்று பிள்ளைகளின் நோட்டுப்புத்தகத்தில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். பழைய பத்திரங்கள் இருந்தால் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். 'மலேசியர்' என்ற ஐந்தெழுத்தை நம் பிள்ளைகள் யோசிக்காமல் சொல்கிறார்கள். அதை வாங்க வீட்டில் யார் எத்தனை படி ஏறினார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.